நாற்காலியிலிருந்து எழ எத்தனை நொடி? முதியோர் பகல்நேர மையத்தைத் தரமாக நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

முதியோர் பகல்நேர மையம் ஒன்றை ஆய்வு செய்ய வருபவர்கள் வழக்கமாகக் கேட்பவை நமக்குத் தெரியும்: கட்டட உறுதிச் சான்று, வருகைப் பதிவேடு, தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி, தீயணைப்பான் காலாவதி ஆகிவிட்டதா என்ற விவரம். இவை அனைத்தும் தேவையானவைதான். ஆனால் ஆடி மாதத்தில் தானாக எழுந்து நடந்து வந்த ஒரு பாட்டி தை மாதத்திலும் அப்படியே வருகிறாரா என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. அவேடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர் 1966-இல் மருத்துவச் சேவையின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். நம் மையங்களில் முதலாவதற்குக் கோப்புகள் இருக்கின்றன. இரண்டாவதற்கு ஓரளவு பதிவேடுகள் இருக்கின்றன. மூன்றாவதற்குப் பெரும்பாலும் ஒரு தாள்கூட இருப்பதில்லை. இந்த வழிகாட்டி அந்த மூன்றாவதிலிருந்து தொடங்கி, மற்ற இரண்டையும் அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளும் முறையைச் சொல்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், 2021-க்கான மதிப்பீட்டில் அது 13.6 சதவீதமாக உயர்ந்தது. இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநில அரசு 'அன்புச்சோலை' என்ற பெயரில் 25 பகல்நேர மையங்களை அறிவித்தது. அறக்கட்டளைகளும் குடியிருப்போர் சங்கங்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இதே வேலையில் இறங்கி வருகிறார்கள். நல்ல மனம் உள்ளவர்கள் கைவசம் ஓர் ஒழுங்குமுறையும் இருந்தால் நல்லது.

முதல் படி: யாருக்காக நடத்துகிறோம் என்பதைத் தெருத் தெருவாக எழுதுதல்

மையம் திறந்தவுடன் தானாக வந்து அமர்பவர்கள் அந்தப் பகுதியிலேயே நல்ல உடல்நலம் உள்ள முதியவர்கள். மையம் அதிகம் தேவைப்படுபவர்களோ, முழங்கால் வலியாலும் மங்கிய பார்வையாலும் வாசற்படி தாண்டாதவர்கள். ஆகவே திறப்பு விழாவுக்கு முன்பே, சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பட்டியலை வீடு வீடாகச் சென்று தயாரிக்க வேண்டும். தனியாக வசிப்பவர், இணையர் மட்டும் உடன் இருப்பவர், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் எனக் குறித்துக்கொள்ள வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுசெல்லும் தன்னார்வலருக்கு இந்தப் பட்டியலில் பாதி மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். அவரிடமிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம்.

நேரத்தையும் இடத்தையும் இந்தப் பட்டியலே தீர்மானிக்கட்டும். காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் ஆண்கள் வந்து செய்தித்தாள்களைப் பிடித்துக்கொள்வார்கள். பெண்கள் வரமாட்டார்கள், ஏனெனில் 70 வயதிலும் அவர்களுக்குச் சமையலறை விட்டபாடில்லை. பத்தரை முதல் மூன்றரை வரை என்பது பல இடங்களில் இருவருக்கும் பொருந்தும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பதால், பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் உள்ள சிறிய கட்டடம், உள்ளே தள்ளியிருக்கும் பெரிய கட்டடத்தைவிட மேலானது. ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் மண்டபத்திலோ கோயில் வளாகத்திலோ இலவசமாக இடம் கிடைத்தாலும் யோசித்தே ஏற்க வேண்டும். அந்த வாசலுக்குள் காலெடுத்து வைக்கத் தயங்கும் முதியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்கள் தயக்கத்தைச் சொல்லவும் மாட்டார்கள்.

இரண்டாம் படி: சட்டமும் சான்றிதழ்களும்

இதில் அதிகம் விளக்க எதுவும் இல்லை. ஒழுங்காகச் செய்தால் முடிந்துவிடும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இலும் அதன் கீழ் தமிழ்நாடு 2009-இல் வகுத்த விதிகளிலும் ஒரு பிரதியை மையத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட சமூக நல அலுவலரைத் தொடக்கத்திலேயே சந்தித்து, உங்கள் வகை மையத்துக்கு எந்தப் பதிவு தேவை என்பதை எழுத்தில் பெறுங்கள்; பகல்நேர மையம், தங்கும் இல்லம் இரண்டுக்கும் நடைமுறை ஒன்றல்ல. சமைத்துப் பரிமாறுவதானால், இலவசமாகவே கொடுத்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் பெற வேண்டும். தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் காலாவதித் தேதிகளை ஒரே பக்கத்தில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டால், ஆய்வுக்கு முந்தைய நாள் ஓட வேண்டியிராது.

தீயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 2001-இல் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேரும், கும்பகோணம் பள்ளித் தீயில் 2004-இல் 94 குழந்தைகளும் இறந்தது ஓலைக் கூரையும் அடைப்பும் சேர்ந்ததால்தான். சமையலறையைத் தனியாக, ஓலைக் கூரை வேயாமல் கட்டுங்கள். இரண்டாவது வாசலைப் பூட்டி அதன்முன் அரிசி மூட்டை அடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: கட்டடம், குறிப்பாகக் கழிப்பறை

வாசலில் சாய்தளம் 1-க்கு 12 என்ற அளவில் இருக்க வேண்டும். அதாவது திண்ணை உயரம் 45 செ.மீ. என்றால் சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் முடித்துவிட்ட சாய்தளங்களை ஊரெங்கும் பார்க்கிறோம். அவற்றில் சக்கர நாற்காலியை ஏற்ற இரண்டு ஆண்கள் வேண்டும், இறக்கும்போது கடவுள் வேண்டும். கதவுகளின் திறப்பு 90 செ.மீ. இருக்கட்டும்.

நிதி குறைவு என்றால் வண்ணம் பூசுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தைக் கழிப்பறையில் போடுங்கள். உட்காரும் வகைக் கழிப்பறை, இரு பக்கமும் சுவரில் இறுகப் பொருத்திய கைப்பிடி, ஈரத்திலும் வழுக்காத தரை, வெளிப்புறமாகத் திறக்கும் கதவு, உள்ளிருந்து இழுத்தால் அலுவலகத்தில் ஒலிக்கும் மணி ஆகிய ஐந்தும் இருந்தால் பெரும்பாலான விபத்துகளுக்கு இடமிராது. கதவு உள்புறமாகத் திறந்தால், உள்ளே விழுந்தவரே கதவுக்கு முட்டுக்கட்டையாகிவிடுவார்.

நாற்காலி விஷயத்தில் எல்லோரும் தவறுகிறோம். விழாக்களுக்கு வாடகைக்கு வரும் கைப்பிடியில்லாத பிளாஸ்டிக் நாற்காலி எடை குறைந்தது, பின்னால் வழுக்கும். கைப்பிடியுடன், 45 செ.மீ. அளவு உயரத்தில், அசையாமல் நிற்கும் நாற்காலிகள் தேவை. தரையில் அமர்ந்தே பழகியவர்களுக்குச் சுவரோரம் உயரமான திண்ணை ஒன்று கட்டிவைத்தால் மதியத்தில் முதலில் நிறைவது அதுதான்.

நான்காம் படி: முதல் அளவீடு

உடலும் மனமும் சூழலும் சேர்ந்து ஒருவர் தாம் மதிக்கும் செயல்களைச் செய்ய இடம்கொடுக்கும் திறனை வளர்த்துக் காப்பதே ஆரோக்கியமான முதுமை என்பது உலக சுகாதார நிறுவனம் 2015 அறிக்கையில் தந்த விளக்கம். நோய் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, செய்ய முடிகிறதா என்பதே அங்கே கேள்வி. அந்நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கைநூல், மருத்துவர் அல்லாத பணியாளரும் கேட்டுப் பார்க்கக்கூடிய ஆறு திறன்களைத் தருகிறது: நினைவு, நடமாட்டம், ஊட்டம், பார்வை, செவி, மனநிலை. உங்கள் மையத்தின் தரம் முழுவதும் இந்த ஆறின் மேல்தான் நிற்கப்போகிறது. ஆகவே ஒவ்வொருவரும் சேர்ந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் இதைச் செய்து முடியுங்கள்.

செய்முறை எளியது. பூ, கதவு, அரிசி என மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்று என்ன தேதி, இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேளுங்கள். தேதி என்றால் ஆங்கிலத் தேதிதான் வேண்டும் என்பதில்லை. "கார்த்திகை எட்டு" என்று சரியாகச் சொன்னால் அதுவும் சரியான பதிலே. பிறகு அந்த மூன்று சொற்களையும் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் செய்து கைபேசியில் நேரம் பாருங்கள். 14 நொடிகளுக்குள் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் கால் வலிமையைக் கவனிக்க வேண்டும். கடந்த மூன்று மாதங்களில் முயற்சி செய்யாமலே மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, பசி குறைந்ததா என்று கேளுங்கள். தூரத்திலும் கிட்டத்திலும் பார்க்கச் சிரமம் உண்டா என விசாரியுங்கள். பின்புறம் ஒரு கை தூரத்தில் நின்று மெல்லிய குரலில் சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் செய்யுங்கள். கடைசியாக, கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா என்று தனியாக, அருகில் யாரும் இல்லாதபோது கேளுங்கள். மருமகள் அருகில் நிற்கும்போது இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வராது.

இவை நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் அல்ல. மருத்துவரிடம் யாரை அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லும் சல்லடை. ஆரம்ப சுகாதார நிலையத்தோடு முன்பே பேசி, மாதத்தில் எந்த நாள் உங்கள் முதியவர்களை அனுப்பலாம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். சென்னையைச் சுற்றியுள்ளவர்களுக்குக் கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. அனுப்பினோம் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், போனாரா, என்ன சொன்னார்கள், கண்ணாடி வந்துவிட்டதா என்ற மூன்றையும் அதே தாளில் எழுத இடம் விடுங்கள். கண்புரை இருப்பது தெரிந்தும் ஓராண்டாக அறுவைச் சிகிச்சைக்குப் போகாத ஒருவர் உங்கள் பட்டியலில் இருந்தால் அது அவருடைய அலட்சியம் மட்டுமல்ல. அழைத்துச் செல்ல ஆளில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

ஐந்தாம் படி: உடற்பயிற்சி

பல மையங்களில் உடற்பயிற்சி என்றால் காலையில் கைகளை மேலே தூக்கி இறக்குவதும் சிரிப்புப் பயிற்சியும்தான். மனதுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் கீழே விழாமல் காப்பாற்றுவது கால் வலிமையும் சமநிலையும். 2019-இல் காக்ரேன் அமைப்பு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சி செய்த முதியவர்கள் விழும் வீதம் 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைக்கும் அன்றாட அசைவுகளுக்கும் அளித்த பயிற்சியில் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் 150 நிமிடங்களாவது மிதமான உழைப்பும், அதோடு மூன்று நாட்களாவது சமநிலை, வலிமைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது.

வாரத்தில் மூன்று நாட்கள், நாளுக்கு நாற்பது நிமிடம் என்று கால அட்டவணையில் பதித்துவிடுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்தல், பக்கவாட்டில் நடத்தல், ஒரு காலின் விரலைத் தொட்டு மறு காலின் குதிகால் வைத்து நேர்கோட்டில் நடத்தல் ஆகிய நான்கும் போதும். தரையில் ஒரு கோலக்கோடு போட்டால் அதுவே நடைப்பாதை. ஒவ்வொருவருக்கும் அருகில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். இருபது பேருக்கு ஒரு பயிற்றுநர் என்றால் இருவராவது சுற்றி நடந்து பார்க்க வேண்டும். பயிற்சி எளிதாகிவிட்டால் கடினத்தைக் கூட்ட வேண்டும்: கைப்பிடியை விடுதல், எண்ணிக்கையை எட்டிலிருந்து பன்னிரண்டாக்குதல், கணுக்காலில் அரைக் கிலோ மணல் பை கட்டுதல். இதைக் கூட்டாமல் ஆண்டு முழுவதும் ஒரே எண்ணிக்கையில் செய்யும் மையத்தில் அளவீடு அசையவே அசையாது. தொடங்கும் முன் ஓர் இயன்முறை மருத்துவரை அழைத்து, யார் எதைச் செய்யக்கூடாது என்பதைக் குறித்துக்கொள்வது கட்டாயம்.

ஆறாம் படி: சாப்பாடு

தசைக்குப் பயிற்சி மட்டும் போதாது, புரதமும் வேண்டும். உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்தியருக்கான பரிந்துரை. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் பலரின் கருத்து. ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு அப்படியானால் நாளுக்கு 50 கிராமாவது வேண்டும். மலையளவு சோறு, அதன்மேல் தண்ணீர்ச் சாம்பார், ஓரத்தில் ஓர் அப்பளம் என்று வைத்தால் பசி அடங்கும், தசை கரையும். முப்பது கிராம் பருப்பில் ஆறு அல்லது ஏழு கிராம், ஒரு முட்டையில் ஆறு கிராம், முப்பது கிராம் கொண்டைக்கடலையில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கிறது. சாம்பாரைக் கெட்டியாக்கி, தயிரைச் சேர்த்து, முட்டை உண்பவர்களுக்கு முட்டையும் உண்ணாதவர்களுக்கு மசித்த சுண்டலும் வைத்தால், பத்து ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின்னாக மதிய உணவின் தன்மையே மாறிவிடும். மசித்த என்று சொல்வதற்குக் காரணம் பல். சுண்டல் முழுதாகத் திரும்பி வருகிறதென்றால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மெல்ல முடியவில்லை என்பதுதான் விஷயம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பதால், மேசையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்துவிட்டு, கேட்பவருக்கு மட்டும் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம்.

இனி, எல்லோரும் பேசத் தயங்கும் ஒன்று: பிறந்தநாள் அன்னதானம். நல்ல உள்ளத்தோடுதான் வருகிறார்கள். சர்க்கரைப் பொங்கல், லட்டு, வடை என்று அடுக்கி, சர்க்கரை நோயாளிகள் நிறைந்த கூடத்தில் பரிமாறி, ஒவ்வொருவரும் இலையோடு நிற்கும் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுகிறார்கள். நன்கொடையை மறுக்க முடியாது என்பது நிர்வாகிகளின் பதில். மறுக்க வேண்டாம், முறைப்படுத்துங்கள். பட்டியல் மையத்துடையது, செலவு கொடையாளருடையது என்று அச்சிட்ட தாள் ஒன்றை முன்பதிவின்போதே கையில் கொடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் அந்த முதியவரின் சம்மதம் வேண்டும், உண்ணும்போது படம் எடுக்கக்கூடாது என்று அதே தாளில் எழுதுங்கள். ஒருசிலர் கோபித்துக்கொள்வார்கள், ஆண்டுதோறும் வருபவர்கள் பழகிவிடுவார்கள்.

ஏழாம் படி: மருந்தும் அவசர நிலையும்

மையம் யாருக்கும் மாத்திரை தர வேண்டியதில்லை. ஆனால் யார் என்ன உட்கொள்கிறார் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். பையில் உள்ள எல்லா மாத்திரைகளையும் கொண்டுவரச் சொல்லி, அரசு மருத்துவமனைச் சீட்டு, தனியார் மருத்துவர் சீட்டு, கடையில் தாமாக வாங்கியவை மூன்றையும் ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டினால், ஒரே மருந்து இரு பெயரில் ஓடுவது பல நேரங்களில் அங்கேயே தெரிந்துவிடும். தூக்க மாத்திரை உட்கொள்பவர், எழுந்தவுடன் தலைசுற்றுபவர் பெயர்களுக்கு எதிரே குறியிடுங்கள். அமர்ந்திருக்கும்போதும், எழுந்து மூன்று நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்த்து, மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

பணியாளர் அனைவருக்கும், சமையல்காரர் உட்பட, இரண்டு நிகழ்வுகளில் கை தன்னால் நகர வேண்டும். வியர்த்து, நடுங்கி, குழறுபவருக்குச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழ் என்றால், விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்ப்பது ஒன்று. முகம் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சு குழறினால் சற்று ஓய்வெடுக்கட்டும் என்று படுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழைத்து, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை எழுதிக்கொடுப்பது மற்றொன்று. அது பக்கவாதமாக இருக்கலாம்; மூளை இரத்தக்குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். இன்சுலின் போட்டுக்கொண்டு வருபவருக்கு மதிய உணவு அரை மணி நேரம் தாமதமாவதும் ஒரு விபத்துதான் என்பதை அடுப்படியில் இருப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: பகல் பொழுதும் குரலும்

தொலைக்காட்சி இருக்கலாம், ஆனால் மதியம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் நினைவுக்கும் விரலுக்கும் வேலை தருபவை. அதைவிட முக்கியம், கொடுக்க ஏதாவது இருப்பது. பூ தொடுப்பவர், விதை பிரிப்பவர், பள்ளிப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருபவர் ஆகியோர் வருகையை எளிதில் நிறுத்துவதில்லை. வெறுமனே உட்கார்ந்திருக்க அழைக்கப்பட்டவர் மூன்றாம் மாதம் நின்றுவிடுவார்.

புகார்ப் பெட்டி நிர்வாகியின் மேசைமேல் இருந்தால் அது என்றும் காலியாகவே இருக்கும். உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த ஐவர் குழு, அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், மாதம் ஒருமுறை கூட்டம், மையத்தோடு தொடர்பில்லாத வெளியாள் ஒருவர் தனித்தனியாகப் பேசிக் குறிப்பெடுத்தல் ஆகியவை நடந்தால் உண்மை வெளியே வரும். வீட்டில் அடி, பட்டினி, உதவித்தொகையைப் பிடுங்குதல் போன்றவை தெரியவந்தால், அந்த முதியவரின் விருப்பத்தைக் கேட்டு, 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் தெரிவியுங்கள். பராமரிப்பு கோரும் மனுவை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இன்றியே தரலாம். 90 நாட்களுக்குள் முடிவு காண வேண்டும் என்கிறது 2007 சட்டம். பராமரிப்பார் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அதை வாங்கிக்கொண்டவர் பராமரிக்காதபோது ரத்து செய்யக் கோர 23-ஆம் பிரிவு வழி தருகிறது என்பதையும் முதியவர்கள் கூடும் நாளில் ஒருமுறை விளக்கச் செய்யுங்கள். கேள்விகள் அன்று வராது. மறுநாள் தனியாக வருவார்கள்.

ஒன்பதாம் படி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறு அளவீடு

அமெரிக்காவில், 1943-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் திறந்த மையத்தில் தொடங்கிய முதியோர் மைய இயக்கம் இன்று தரச்சான்று முறை வரை வந்திருக்கிறது. அங்கே வெளி ஆய்வாளர் வருவதற்கு முன் மையம் தன்னைத்தானே ஆய்வு செய்து, சான்றுகளோடு எழுதி முடித்திருக்க வேண்டும். நாமும் இரவல் வாங்க வேண்டியது அந்த ஒரு பழக்கத்தைத்தான்.

தையிலும் ஆடியிலும் என இரண்டு வாரங்களை ஒதுக்கி, நான்காம் படியில் செய்த ஆறு அளவீடுகளையும் மறுபடி செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண். 13 நொடியில் எழுந்தவர் 17 நொடிக்குப் போயிருந்தால், வருகைப் பதிவேட்டைப் பார்த்து, அவர் பயிற்சிக்கு வந்தாரா, எடை குறைந்ததா, புதிய மாத்திரை சேர்ந்ததா என்று பின்னோக்கித் தேடுங்கள். வயது கூடக் கூடச் சிலருக்குக் குறைவது இயல்பே. எல்லோருக்கும் சேர்ந்து குறைந்தால் குறை மையத்துடையது. கூடவே விழுந்தவர் பதிவேட்டையும் எடுத்து, இடம், நேரம், காலணி, வெளிச்சம் என்று வரிசைப்படுத்துங்கள். விழப்போய்த் தப்பியவர்களையும் அதில் எழுதச் சொல்ல வேண்டும், எழுதியதற்காகப் பணியாளரைத் திட்டாமலும் இருக்க வேண்டும். பதினோரு மணித் தேநீருக்குப் பின் கழிப்பறை வாசலில் மூன்று பேர் தடுக்கியிருந்தால், அந்த நேரத்தில் ஈரத்துணியால் துடைக்கும் வழக்கத்தை மாற்றினால் போதும், புதிய தளம் போடத் தேவையில்லை.

வருவதை நிறுத்தியவர்களின் பட்டியலைக் கடைசியாக எடுங்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒருமுறை போய், ஏன் வரவில்லை என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு, அடுத்த ஐவர் குழுக் கூட்டத்தில் முதல் பொருளாக அதை வாசியுங்கள்.